யூனிஃபார்ம் தாண்டாது

“வலி உன் காலில் இல்லை தங்கச்சி, உன் மனசில் இருக்கு” என்று பயிற்சி மையம் நடத்தும் வைகுண்டராஜ் மைக்கில் சொன்னபோது, சிம்ரனின் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் விழுந்து பத்து நாளாவது ஆகியிருக்கும். இது பிற்பாடு டாக்டர் சொன்னது. அன்றைக்கு மண்டபத்தில் இருந்த நூற்றைம்பது பேருக்கும் அது தெரியாது, சிம்ரனுக்கும் தெரியாது. எல்லோரும் கை தட்டினார்கள். சிம்ரனும் தட்டினாள். அவளே தன் வாயால் இதை என்னிடம் சொன்னாள்.

நான் கம்பத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். சிம்ரன் என் கவுண்டருக்கு முதன்முதலில் வந்தது ஆதரவற்ற விதவைச் சான்றுக்கு விண்ணப்பிக்க. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. புருஷன் விஜயபாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டியவன். மஞ்சள் காமாலை என்று படுத்தவன் மூன்றே வாரத்தில் போய்விட்டான். மகள் கயலுக்கு அப்போது நான்கு வயது. சிம்ரன் சுருளிப்பட்டிக்குத் தன் அம்மா சங்கிலியம்மாளிடம் திரும்பி வந்து, அம்மாவோடு திராட்சைப் பந்தலில் கூலி வேலைக்குப் போனாள். தனக்கு ஆதரவு இல்லை என்று நிரூபிக்க அவள் எத்தனை அலுவலகப் படி ஏறினாள் என்பது தனிக்கதை. அந்தச் சான்று இருந்தால் போலீஸ் வேலைக்கு வயதில் சலுகை உண்டு. அதற்காகத்தான் அத்தனை அலைச்சல்.

எழுத்துத் தேர்வுக்கு அவள் யாரிடமும் படிக்கவில்லை. மழை பெய்து பந்தல் வேலை நின்ற நாட்களில் கம்பம் நூலகத்தில் போய் உட்கார்ந்தாள். மற்ற நாட்களில் பேருந்தில் படித்தாள். தேர்வு முடிவை என் கணினியில்தான் பார்த்தோம். அவளுடைய எண் இருந்தது. சத்தம் போடாமல் என் கையைப் பிடித்து இறுக்கினாள். பந்தல் வேலை செய்த கை. எனக்கு விரல் வலித்தது.

அடுத்தது உடல்திறன் தேர்வு. ஓட்டம் அவளுக்குப் பயமில்லை. குண்டு எறிவதும் அப்படித்தான். நாள் முழுக்கக் கைகளை உயர்த்திக் குலை வெட்டுகிறவளுக்குத் தோளில் பலம் இருந்தது. பயமெல்லாம் நீளம் தாண்டுதலில்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு அவள் தாண்டியதே இல்லை. அப்போதும் பத்து முறை தாண்டினால் எட்டு முறை, ஊன்றி எழும்ப வேண்டிய பலகையைக் கால் தாண்டிப் போய் ஃபவுல் ஆகிவிடும். இந்த நேரத்தில்தான் தேனியில் இருந்த அந்தப் பயிற்சி மையத்தின் நோட்டீஸ் அவள் கைக்கு வந்தது. மையத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைப் பெரிதாகப் போட வைகுண்டராஜுக்கு வேண்டிய மட்டும் சுவர்கள் இருக்கின்றன.

“ஜெயிப்பது உடல் அல்ல, மனம்” என்று நோட்டீஸில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வாடகை மண்டபத்தில் வகுப்பு. முதல் ஒன்றரை மணி நேரம் பேச்சு. பிறகு எல்லோரும் கண்ணை மூட வேண்டும். “யூனிஃபார்ம் போட்டிருக்கீங்க. உங்க தெருவுல நடந்து வர்றீங்க. உங்களை ஏளனமாப் பேசினவங்க எல்லாம் எந்திரிச்சு நிக்கிறாங்க. அம்மா அழறாங்க, சந்தோஷத்துல அழறாங்க” என்று வைகுண்டராஜ் குரலை இறக்கிச் சொல்லிக்கொண்டே போவார். பின்னால் மெல்லிசாக இசை ஓடும். பாதிப் பேர் அழுவார்கள்.

“அந்த அஞ்சு நிமிசம் நல்லாத்தான்க்கா இருந்துச்சு” என்றாள் சிம்ரன். “நாள் பூரா அண்ணாந்துக்கிட்டே நிக்கிறவளக் கண்ண மூடி உக்காருன்னா நல்லா இருக்காதா? ரெண்டு நாளைக்கு அந்தத் தெம்பு இருக்கும்.”

அதை நான் குறை சொல்லவில்லை. அழுகிற மனுஷிக்கு ஐந்து நிமிடம் ஆறுதல் கிடைத்தால் கிடைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் கண்ணைத் திறந்த பிறகு நடந்ததைக் கேளுங்கள். மண்டபத்துக்குப் பின்னால் கார் நிறுத்துகிற சரளைத் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்து, அங்கே தாண்டச் சொன்னார்கள். மணல் குழி கிடையாது. ஒரு கூடை மணல்கூடக் கிடையாது. சிம்ரன் ஒருநாள் அதைக் கேட்டேவிட்டாள்.

“விழப்போறோம்னு நினைக்கிறவனுக்குத்தான் மணல் வேணும்” என்றார் வைகுண்டராஜ். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அதைச் செல்போனில் வீடியோவாகவும் எடுத்துப் போட்டார்.

சரளைத் தரையில் ஞாயிறு முப்பது நாற்பது முறை. வீட்டுப் பாடம் என்று பந்தலுக்குப் போகும் தார்ச்சாலையில் தினமும் இருபது முறை. ஐந்தாவது வாரம் காலில் ஒரு இடம் விரல் வைத்தால் சுருக்கென்றது. ஆறாவது வாரம் நடக்கும்போதே வலித்தது. அப்போதுதான் வகுப்பில் எழுந்து நின்று சொன்னாள். மைக்கில் கிடைத்த பதிலைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன். “நெகட்டிவ் எண்ணத்தோட வந்தா உடம்பு காரணம் தேடும். ‘எனக்கு வலிக்கலை’ன்னு நூறு தடவை எழுதிட்டு வா” என்றும் அவளிடம் சொன்னார். அவள் எழுதினாள். அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். அறுபதாவது வரிக்கு மேல் எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

நான்கு நாள் கழித்து, திராட்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சங்கிலியம்மாள் அவளைத் தேனி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், “ஆறு வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. மீறினா இது முழுசா உடையும்” என்றார். உடல்திறன் தேர்வுக்கு அப்போது பதினோரு வாரம் இருந்தது.

ஊருக்குத் திரும்புகிற வழியில் கம்பத்தில் இறங்கி என் கடைக்கு வந்தாள். நாற்காலியைப் போட்டேன். தண்ணீர் குடித்தாள். பிறகு கேட்டாள், “நான் சரியா நம்பலையோக்கா? அதான் இப்படி ஆயிருச்சோ?”

எலும்பு உடைந்ததுகூடப் பெரிதில்லை. உடைந்ததற்கும் அவளையே குற்றவாளி ஆக்கி அனுப்பியிருந்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. மணல் போடாதவன்மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் நம்பிக்கை போதவில்லை என்று அழுதாள். அன்று சாயங்காலமே மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: “தோற்கப் போகிறவர்கள் முதலில் டாக்டரைத் தேடுவார்கள்.” பெயர் போடவில்லை. போடாமலே எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குக் கீழே கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே சிகிச்சை கொடுத்தவள் மெர்லின். ராயப்பன்பட்டிக்காரி, சிம்ரனைவிட இரண்டு வயது சின்னவள், கல்லூரி நாட்களில் தானும் நீளம் தாண்டியவள். சிம்ரன் வகுப்பில் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, “இனிமே கண்ண மூடுற வேலையே எனக்கு வேணாம் மேடம்” என்றாள்.

மெர்லின் நாற்காலியை அவள் அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, “ஒரே ஒரு தடவ எனக்காக மூடுங்கக்கா. மனசுக்குள்ளயே தாண்டுங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க” என்றாள்.

“யூனிஃபார்ம் போட்டு நிக்கிறேன். எங்கம்மா அழுவுது.”

“தாண்டுனீகளா?”

சிம்ரன் கண்ணைத் திறந்து யோசித்தாள். “தாண்டல மேடம்.”

“யூனிஃபார்ம் தாண்டாதுக்கா. காலுதான் தாண்டணும். ஓட ஆரம்பிக்கையில எந்தக் கால முதல்ல எடுத்து வைப்பீக?”

சிம்ரனுக்குத் தெரியவில்லை. எத்தனை அடி ஓடிப் பலகைக்கு வருகிறாள் என்றும் தெரியவில்லை. ஆறு வாரம் பயிற்சி கொடுத்த மையத்தில் இந்த இரண்டு கேள்வியையும் ஒருத்தர்கூடக் கேட்டிருக்கவில்லை. மெர்லினுக்கு முகம் சிவந்துவிட்டது என்று சிம்ரன் சொன்னாள்.

அவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள். பதினைந்து காலடி, முதல் அடி இடது கால் என்று வைத்துக்கொண்டார்கள். கண்ணை மூடினால் தன்னைத் தூரத்திலிருந்து பார்க்கக் கூடாது, தானே ஓட வேண்டும். பாதத்துக்கு அடியில் மண் நெரிய வேண்டும். கை வீச வேண்டும். கடைசிக்கு முந்தின அடியில் இடுப்பு கொஞ்சம் இறங்க வேண்டும். மெர்லின் செல்போனில் நேரம் பார்த்தாள். முதல் தடவை சிம்ரன் மனசுக்குள் ஓடி முடிக்கப் பத்தொன்பது விநாடி ஆனது.

“நெசத்துல நாலு விநாடிதான் ஆகும். மனசுல அசைஞ்சு அசைஞ்சு ஓடுனா, உடம்பும் அப்படித்தான் கத்துக்கும்” என்றாள் மெர்லின்.

நேரத்தைக் குறைத்தபோது வேறொரு தொல்லை வந்தது. மனசுக்குள்ளேயும் அவள் கால் பலகையைத் தாண்டிப் போனது. எத்தனை முறை ஓடினாலும் போனது. சிம்ரன் எரிச்சலில் கட்டிலைத் தட்டினாள். “நெனப்புலகூட எனக்கு ஃபவுலுதான் வருது!”

“வரட்டும், இங்கனயே வந்து தீரட்டும். எந்த அடியில தப்புது? அங்கன நிறுத்துங்க. ரெண்டடி பின்னாடி போங்க. மறுபடி வாங்க.”

கடைசி மூன்று அடியில் பலகையைப் பார்த்துக் காலை நீட்டி எட்டி வைக்கிறாள் என்பது அப்படித்தான் பிடிபட்டது. அதோடு மெர்லின் இன்னொன்றும் சொன்னாள். இதை எல்லாப் பயிற்சி மையங்களின் வாசலிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்பது என் ஆசை. “இதனால இத்தன இஞ்சு கூடும்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. ஓட்டம் மறக்காம இருக்கும். பயம் கொஞ்சம் கொறையும். அவ்வளவுதான். எலும்பு அது பாட்டுக்குக் கூடட்டும். வலிச்சா வலிதான். வந்து சொல்லணும்.”

பந்தலில் சிம்ரனுக்கு உட்கார்ந்த வேலை கொடுத்தார்கள். குலையில் அழுகிய பழத்தைக் கத்தரித்துப் பெட்டியில் அடுக்குவது. மதியச் சாப்பாடு முடிந்ததும் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

“ஏத்தா, உக்காந்துக்கிட்டே தூங்குறியா?” என்று கேட்டாள் சங்கிலியம்மாள்.

“தூங்கலம்மா. ஓடிக்கிட்டிருக்கேன்.”

பெண்கள் சிரித்து உருண்டார்கள். அதற்குப் பிறகு யாராவது சும்மா உட்கார்ந்தால், “என்னடி, ஓடுறியா?” என்பது அந்தப் பந்தலின் பேச்சாகிவிட்டது. சிம்ரன் கண்டுகொள்ளவில்லை. தினமும் பத்து ஓட்டம். மாலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குண்டு எறிந்து பழகினாள்.

ஏழாவது வாரம் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துச் சம்மதித்த பிறகு, கம்பத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் அனுமதி கேட்டு வாங்கினோம். மணல் இறுகிக் கிடந்தது. சிம்ரனே மண்வெட்டியால் கொத்திப் புரட்டினாள். நானும் மெர்லினும் கல்லைப் பொறுக்கினோம். முதல் நாள் தாண்டவில்லை, பலகை வரைக்கும் ஓடிப் பார்த்தாள். இடது கால் பலகைமேல் சரியாக விழுந்தது. திரும்பிப் போய் மறுபடி ஓடினாள். மறுபடியும் விழுந்தது. ஐந்து முறையில் நான்கு. அவள் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சந்தோஷம் இல்லை, ஆத்திரம்தான் இருந்தது. “இவ்வளவுதானாக்கா? இத ஒரு ஆளு அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள்.

தூரம் உடனே வந்துவிடவில்லை. கால் இளைத்திருந்தது. மீதமிருந்த நான்கு வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தாண்டினாள். வலித்த ஒருநாள் தானாகவே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். முன்பு அந்தத் தைரியம் அவளுக்கு இருந்ததில்லை.

தேர்வு நாளன்று விடியற்காலையிலேயே தேனி மைதானத்தில் வரிசை. ஓட்டம் தேறினாள். குண்டு எறிதலில், தூரத்தைப் பொறுத்துத் தரும் மதிப்பில் உச்சமான இரண்டு நட்சத்திரம். நீளம் தாண்டுதலுக்கு மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்பில் கூட்டத்தையும் கேமராவையும் பார்த்துப் பதறி, பழையபடி காலை எட்டி வைத்தாள். சிவப்புக் கொடி ஏறியது.

வைகுண்டராஜின் பாடப்படி அந்த ஃபவுலை நினைக்கவே கூடாது. சிம்ரன் அதைத்தான் நினைத்தாள். வரிசையின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, எந்த அடியில் தப்பியது என்று தேடினாள். பதின்மூன்றாவது. கண்ணை மூடி அந்த இடத்தைத் திருத்தி மூன்று முறை ஓடினாள். பக்கத்தில் இருந்த பெண் அவள் சாமி கும்பிடுவதாக நினைத்து, “எனக்கும் சேத்துக் கும்பிடுங்கக்கா” என்றாளாம்.

இரண்டாவது தாண்டலில் ஒரு நட்சத்திரம். மூன்றாவதில் கால் பலகையில் பட்ட சத்தம் தனக்கே கேட்டது என்றாள். அளந்த பெண் அதிகாரி டேப்பை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, “டூ ஸ்டார்” என்று சொல்லி எழுதினார்.

தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் வந்தது. சுருளிப்பட்டியில் சங்கிலியம்மாள் ஊருக்கெல்லாம் கேசரி கிண்டினாள். கதை இத்துடன் நல்லபடியாக முடிந்திருக்கலாம்.

அடுத்த வாரம் நான் பிரிண்டருக்கு மை வாங்கத் தேனிக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருபதடி உயர ஃப்ளெக்ஸ். அதில் சிம்ரனின் முகம். “எலும்பு முறிவையே மன வலிமையால் வென்ற எங்கள் மாணவி!” பக்கத்தில் கைகட்டிச் சிரிக்கும் வைகுண்டராஜ். எனக்கு நடுத்தெருவில் நின்று கத்தத் தோன்றியது. படம் எடுத்து சிம்ரனுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள். “ஞாயித்துக்கிழம என்கூட வாரீகளாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

போனோம். அவளைக் கண்டதும் வைகுண்டராஜ் மேடையிலிருந்து இறங்கி வந்து பொன்னாடை போர்த்தினார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. “தங்கச்சி தன் அனுபவத்தைச் சொல்வாங்க” என்று மைக்கைக் கொடுத்தார். சிம்ரன் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தாள்.

“சார் சொல்லித்தான் என் எலும்பு ஒடஞ்சுச்சு” என்று ஆரம்பித்தாள். “வலிக்குதுன்னு இதே எடத்துல நின்னு சொன்னேன். மனசுலதான் வலின்னாக. நீங்க எல்லாரும் கை தட்டுனீக. நானும் தட்டுனேன். ஆறு வாரம் தாண்டாம இருந்துதான் என் காலு சரியாச்சு. டாக்டரத் தேடிப் போனதாலதான் தேறுனேன்.”

வைகுண்டராஜ் சிரித்துக்கொண்டே இன்னொரு மைக்கை எடுத்தார். “தங்கச்சி கொஞ்சம் எமோஷனலா இருக்காங்க.”

“எமோஷன் இல்ல சார். எலும்பு.”

யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். சிம்ரன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள், “இங்கன யாருக்கெல்லாம் காலு வலிக்குது? மறைக்காமக் கைய தூக்குங்க.”

அவள் கையிலிருந்த மைக்கை அணைத்துவிட்டார்கள். அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பந்தலின் மறுகோடியில் நிற்கிற ஆளுக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவள். இரண்டாம் முறை அவள் கேட்டபோது முதல் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். பிறகு ஒரு பையன். நான் எண்ணினேன், பதினொரு கைகள். அத்தனை பேரும் அதுவரை வாயை மூடிக்கொண்டு சரளையில் குதித்துக்கொண்டிருந்தவர்கள்.

“அந்த ஃப்ளெக்ஸ எறக்குற வரைக்கும் நான் இங்கனயேதான் உக்காந்திருப்பேன்” என்று சொல்லிவிட்டு அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். மதியம் இரண்டரை மணிக்கு ஆள் அனுப்பி இறக்கினார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. “நல்லது செஞ்சா இப்படித்தான்” என்று வைகுண்டராஜ் எங்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

முதலில் கை தூக்கிய பெண் எங்களோடு பேருந்து நிலையம் வரை வந்தாள். பெயர் சினேகா, தேவதானப்பட்டி. மறுநாள் மெர்லினிடம் போனாள். எடுத்த படத்தில் விரிசல் இல்லை, ஆனால் எலும்பு அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. மூன்று வார ஓய்வோடு தப்பினாள்.

மையத்தை மூடிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். மூடவில்லை. அடுத்த ஞாயிறும் வகுப்பு நடந்தது, வேறொரு முகத்தோடு வேறொரு ஃப்ளெக்ஸ் வந்தது. பதினொரு பேரில் ஐந்து பேர் திரும்பவும் அங்கேயே போனார்கள். ஓட, குதிக்கச் சொல்லிக்கொடுக்க என்ன தகுதி வேண்டும், மணல் குழி வேண்டுமா வேண்டாமா என்று கேட்க அங்கே எந்த அதிகாரியும் வந்ததில்லை. அதைக் கேட்கச் சொல்லி நான் மனு ஒன்று தட்டச்சு செய்தேன். சிம்ரனும் சினேகாவும் இன்னும் நான்கு பேரும் கையெழுத்திட்டார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கினோம். இணையத்தில் பார்த்தால் “பரிசீலனையில் உள்ளது” என்று வருகிறது. நான்கு மாதமாக அதே வரி.

சிம்ரன் இப்போது போலீஸ் பயிற்சிப் பள்ளியில் இருக்கிறாள். கயல் சங்கிலியம்மாளிடம் இருந்து பள்ளிக்குப் போகிறாள். செல்போன் அனுமதிக்கிற நாளில் மகளோடு பேசி முடித்ததும் எனக்கு அழைப்பாள். போன வாரமும் அழைத்தாள்.

“பதிலு வந்துச்சாக்கா?”

“இல்ல.”

“அப்ப இன்னொரு மனு போடுங்க. சினேகாகிட்டச் சொல்லி இன்னும் ஆளு சேக்கச் சொல்லுங்க.”

சினேகா ஒன்பது பேரைக் கூட்டி வந்தாள். நேற்று என் கடையில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள்.